அட்டை, கிளிப், கம்பி வளையம்: பாத்ஃபைண்டர் சண்டையை வேகப்படுத்திய கதை

பாத்ஃபைண்டர் என்பது மேசையில் உட்கார்ந்து ஆளுக்கொரு கதாபாத்திரம் ஏற்று, பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை ஆட்டம். அதன் இரண்டாம் பதிப்பில், விதிநூல் ‘சிவியர்’ என்று தரம் பிரிக்கும் அளவுக்குக் கடுமையான ஒரு சண்டையை ஒன்றேகால் மணி நேரத்தில் முடித்துவிட்டோம். புத்தகத்தை யாரும் திறக்கவில்லை. இதே அளவுச் சண்டை முன்பெல்லாம் மூன்று மணி நேரத்தை விழுங்கும். ஒருவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார், மற்றவர்கள் போனை நோண்டிக்கொண்டிருப்பார்கள். விதிகளில் ஒன்றைக்கூட வெட்டவில்லை. மாற்றியதெல்லாம் மேசைமேல் இருந்த பொருட்களை மட்டும்தான். எது உதவியது, எது குப்பைக்குப் போனது என்று செய்த வரிசையிலேயே எழுதிவைக்கிறேன்.

எங்கள் மேசையில் ஐந்து பேர். நான் கேம் மாஸ்டர், அதாவது கதையையும் எதிரிகளையும் நடத்துபவன். வாள்வீரனான ஃபைட்டரை ஆடுபவன் பள்ளிக்கால நண்பன். பதுங்கித் தாக்கும் ரோக் என் தங்கை. பாடித் துணைநிற்கும் பார்டை ஆடுபவர் என்னுடன் வேலை செய்த மூத்த நண்பர், அவரை எல்லோரும் சார் என்றுதான் கூப்பிடுவோம். மந்திரவாதியான விசார்ட் அவருடைய மகன். நால்வருடைய பாத்திரங்களும் 3ஆம் நிலையில் (லெவல்) இருந்தபோது இந்த வேலையைத் தொடங்கினேன்.

ஆட்டம் பழகாதவர்களுக்கு இரண்டு வரி. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 3.5 பதிப்பிலிருந்து கிளைத்து 2009இல் தனி ஆட்டமானது பாத்ஃபைண்டர். 2019 ஆகஸ்டில் பைசோ நிறுவனம் இரண்டாம் பதிப்பைக் கொண்டுவந்தது. உங்கள் முறை வந்தால் மூன்று ஆக்‌ஷன், அது போக, மற்றவர் முறையில் பதிலுக்குச் செய்ய சுற்றுக்கு ஒரு ரியாக்‌ஷன். அடிப்பதற்கு 20 முகப் பகடையை உருட்டி உங்கள் எண்ணைக் கூட்ட வேண்டும். எதிரியின் ஏசியை, அதாவது தற்காப்பு எண்ணை, எட்டினால் அடி விழும். ஏசியைவிட 10 கூடுதலாக வந்தால் கிரிட்டிக்கல், சேதம் இரட்டிப்பு. மற்ற ஆட்டங்களில் ஒரு +1 மறந்துபோனால் ‘பரவாயில்லை, விடு’ என்று போய்விடலாம். இங்கே அந்த +1 இரண்டு இடத்தில் வேலை செய்கிறது: அடி விழுமா என்பதிலும், விழுந்த அடி கிரிட்டிக்கல் ஆகுமா என்பதிலும். அதனால்தான் எல்லோரும் எல்லாவற்றையும் நினைவு வைத்துக்கொள்ள முயன்றோம். அங்கேதான் நேரம் போனது.

முதலில் கடிகாரம்

எதையும் செய்வதற்கு முன் ஒரு சண்டையை ஸ்டாப்வாட்ச் வைத்து அளந்தேன். போனில் ‘லேப்’ பொத்தானை அழுத்தி, தாளில் நான்கு பத்திகள் போட்டேன்: யோசிப்பது, கூட்டுவது, நிலைமையை விசாரிப்பது, விதி தேடுவது. விதி தேடுவதில்தான் நேரம் போகிறது என்று அதுவரை நம்பிக்கொண்டிருந்தேன். அதற்காக விதிச் சுருக்கங்களை அச்சடித்து, உயரமான கேம் மாஸ்டர் திரை ஒன்றையும் ஒட்டி வைத்திருந்தேன்.

தாள் வேறு கதை சொன்னது. நான்கு வீரர்களும் மூன்று எதிரிகளும் கொண்ட ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய இருபது நிமிடம். அதில் விதி தேடியது மூன்று நிமிடம்கூட இல்லை. யோசிப்பதற்கு ஆறேழு நிமிடம், அது நியாயமானது, அதற்காகத்தானே ஆடுகிறோம். மிச்சம் பத்து நிமிடமும் இந்த மாதிரிப் பேச்சில் போயிருந்தது:

“அண்ணா, அது இன்னும் பயத்துல இருக்கா இல்லையா?”

“போன சுற்றுல இருந்துச்சு.”

“அது முறை முடிஞ்சதும் குறைச்சமா?”

“சாரோட பாட்டு இன்னும் ஓடுதா?”

“இரு, இது எனக்கு ரெண்டாவது அடியா மூணாவதா?”

இந்தக் கேள்விகளுக்கான பதில் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஐந்து பேர் மண்டைக்குள் ஐந்து விதமாக இருக்கிறது. ஆக, செய்ய வேண்டிய வேலை விதிச் சுருக்கம் இல்லை. நிலைமையை எல்லோர் கண்ணுக்கும் முன்னால் வைப்பதுதான். திரையை மடித்து அலமாரியில் போட்டேன்.

வீரர் அட்டை

இது சுலபம், ஒரே மாலையில் முடிந்தது. பாத்திரத் தாள் என்பது பாத்திரத்தை உருவாக்குவதற்கான கணக்குத் தாள். சண்டையில் அதைப் பார்த்து ஆடுவது வீண் சிரமம். 76 × 127 மி.மீ. குறிப்பட்டையில், சண்டைக்குத் தேவையானதை மட்டும் கூட்டி முடித்த எண்ணாக எழுதினோம்.

ஃபைட்டரின் வாளை எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸ்பர்ட் தேர்ச்சிக்கு 4, நிலைக்கு 3, பலத்துக்கு 4, வாளில் பொறித்த ரூன் என்ற மந்திரக் குறிக்கு 1, ஆக +12. ஒரே முறையில் இரண்டாவது அடிக்கு 5 குறையும், மூன்றாவதுக்கு 10 குறையும். அதனால் அட்டையில் ‘வாள் 12 / 7 / 2’ என்று மூன்று எண்களையும் எழுதினோம். ரோக்கின் குறுவாள் ‘அஜைல்’ வகை, அதற்குக் குறைவது 4, 8 மட்டுமே. ஆகவே ‘10 / 6 / 2’. நடுவில் 5 கழிக்க வேண்டுமா 4 கழிக்க வேண்டுமா என்று தங்கை ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொண்டிருந்தது அன்றோடு நின்றது.

அட்டையின் குறுக்கே ஒரு ஜெம் கிளிப் மாட்டினோம். முதல் அடி முடிந்ததும் அதை இரண்டாவது எண்ணுக்கு நகர்த்த வேண்டும். முறை முடிந்தால் திரும்ப முதல் எண்ணுக்கு. ‘இது எத்தனாவது அடி’ என்ற கேள்வியும் போனது. விசார்டின் அட்டையில் மட்டும் அடி எண்கள் இல்லை, மந்திரத்தின் டிசியும் (பகடையில் எட்ட வேண்டிய இலக்கு எண்) ஒவ்வொரு மந்திரத்துக்கும் எத்தனை ஆக்‌ஷன் என்பதும்தான். பெரும்பாலான மந்திரங்கள் இரண்டு ஆக்‌ஷன் தின்னும் என்பதால் அவனுக்கு மிஞ்சுவது ஒன்றே ஒன்று. அந்த ஒன்றை என்ன செய்யலாம் என்று நான்கு யோசனைகளை அட்டையின் பின்பக்கம் எழுதிக்கொண்டான். இது என் யோசனை இல்லை, அவனே செய்தது. கேடயம் வைத்திருப்பவர்களுக்கும் பின்பக்கம் உதவியது: உயர்த்தினால் ஏசி +2, எஃகுக் கேடயத்தின் கடினம், அதாவது அது தாங்கும் சேதம், 5.

இந்த அட்டைகளை லேமினேட் செய்தேன். அதன் விளைவைக் கடைசியில் சொல்கிறேன்.

நிலைமை அட்டைகள்: வேலைக்கு ஆகாத வழி

அடுத்து, பயம், குமட்டல், விழுந்து கிடப்பது என்று ஆட்டத்தில் உள்ள எல்லா நிலைமைகளுக்கும் அட்டை அச்சடித்தேன். ஒவ்வொன்றிலும் முழு விதி, சின்ன எழுத்தில். பார்க்க அழகாக இருந்தது. மேசையில் ஒரு கட்டு அட்டையிலிருந்து சரியானதைத் தேடி எடுத்து உரியவர் முன் வைப்பதற்குள் முப்பது நொடி போனது. எதிரிகளுக்கான அட்டைகள் என் முன்னால் குவிந்தன, யாருக்கும் தெரியவில்லை. பயத்தின் அளவைக் காட்ட அட்டைமேல் 6 முகப் பகடை வைத்தோம். கை பட்டு உருண்டது, அல்லது யாராவது சேதத்துக்கு உருட்ட அதையே எடுத்துவிட்டார்கள்.

இரண்டு சண்டைகளுக்கு அப்புறம் அந்தக் கட்டைப் பிரித்துப் பார்த்தால், கைபட்டு அழுக்கானவை பத்துப் பன்னிரண்டுதான். மற்றவை அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தன.

வரிசைப் பட்டை: காரியம் ஆன இடம்

யாருக்கு அடுத்து யார் என்பதற்கு அதுவரை நான் மட்டும் ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். அதை எல்லோரும் பார்க்கும்படி மேசை நடுவில் நிறுத்த வேண்டும் என்று ஆரம்பித்ததுதான், நிலைமைக் கணக்குக்கும் அதுவே வழி ஆகிவிட்டது.

செய்முறை இது. 30 செ.மீ. மர அளவுகோல் இரண்டு. இரண்டுக்கும் நடுவே, கீழ்ப்பாதி உயரத்துக்கு மட்டும், 1 மி.மீ. கனம் வரும்படி அட்டைத் துண்டுகளை வைத்து வெள்ளைப் பசையால் ஒட்டி, இரவு முழுவதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைத்தேன். மேல்பாதியில் நீளவாக்கில் ஒரு பள்ளம் கிடைக்கும். முதலில் ஒற்றை மரச்சட்டத்தில் ரம்பத்தால் பள்ளம் அறுத்துப் பார்த்தேன். கைரம்பத்தின் அறுவை அகலமாக வந்து அட்டைகள் சாய்ந்தன. ஹாக்சாவில் மெல்லிதாக வரும், ஆனால் நீளவாக்கில் நேராக அறுப்பது என் கைக்கு வரவில்லை. அளவுகோல் வழியே மேல். இரண்டு முனையிலும் அடியில் ஒவ்வொரு பைண்டர் கிளிப் மாட்டி, அதன் காதுகளை விரித்துவிட்டால் கால் மாதிரி நிற்கும்.

300 ஜிஎஸ்எம் அட்டையை 8 × 12 செ.மீ. அளவில் வெட்டி, 8 செ.மீ. பக்கத்தை நடுவில் மடித்து ஒட்டினால் 4 × 12 செ.மீ. அட்டை, இரண்டு பக்கமும் பெயர் எழுதலாம். மடித்த கனம் பள்ளத்தில் பிடிப்பாக நிற்கிறது. 30 செ.மீ. பட்டையில் ஏழு அட்டை கொள்ளும். எதிரிகள் அதற்கு மேல் இருந்தால் ஒரே வகையானவற்றை ஒரே அட்டையில் சேர்த்துவிடுகிறேன். முறை யாருக்கு என்பதைக் காட்ட, பட்டையின் மேல்விளிம்பில் நகரும் ஒரு சிவப்புக் கிளிப். என் பக்கம் இருந்து இடமிருந்து வலம் போகும். எதிரில் உட்காருபவர்களுக்குத் தலைகீழ் வரிசைதான், இரண்டு சுற்றில் பழகிவிட்டது.

அட்டையை நிறுத்தியதும்தான் ஒன்று பிடிபட்டது. இந்த ஆட்டத்தில் நிலைமைகள் தானாக மாறுவது பெரும்பாலும் இரண்டே தருணங்களில்: ஒருவருடைய முறை தொடங்கும்போது, அல்லது முடியும்போது. பயம், பயந்தவரின் முறை முடியும்போது ஒன்று குறையும். தீப்பிடித்து எரிவது போன்ற தொடர் சேதம், எரிபவரின் முறை முடியும்போது விழும், அதன்பின் பகடையில் 15 வந்தால் அணையும். பார்டின் பாட்டு ஒரு சுற்று நீடிக்கும், அவருடைய அடுத்த முறை தொடங்கும்போது நிற்கும். உயர்த்திய கேடயமும் அப்படித்தான், தூக்கியவரின் அடுத்த முறை தொடக்கம் வரை.

ஆக, அட்டையின் இடது விளிம்பு முறையின் தொடக்கம், வலது விளிம்பு முடிவு. 35 மி.மீ. நீளமுள்ள சின்ன மரக் கிளிப்புகள், அதாவது துணி உலர்த்தும் கிளிப்பின் குட்டி வடிவம், கைவினைப் பொருள் வாங்கும் இடத்தில் கொத்தாகக் கிடைக்கும். அதில் பெயர் எழுதி, தொடக்கத்தில் மாறுவதை இடதிலும் முடிவில் மாறுவதை வலதிலும் மாட்டினோம். பயம் 2 என்றால் வலது விளிம்பில் இரண்டு ‘பயம்’ கிளிப். சிவப்புக் கிளிப் அந்த அட்டையைத் தாண்டும்போது ஒன்றைப் பிடுங்க வேண்டும், பிடுங்காமல் நகர்த்த முடியாதபடி கையில் இடிக்கும். யாரும் எதையும் நினைவு வைத்திருக்க வேண்டியதில்லை.

நிறம் பூசியது அதற்கு அடுத்த வாரம். இந்த ஆட்டத்தில் கூடுதல்களுக்கும் குறைவுகளுக்கும் வகை உண்டு: சர்க்கம்ஸ்டன்ஸ் (சூழல்), ஸ்டேட்டஸ் (நிலைமை), ஐட்டம் (பொருள்). ஒரே வகையில் இரண்டு குறைவு வந்தால் பெரியது மட்டும் செல்லும், சேராது. ஸ்டேட்டஸுக்குச் சிவப்பு, சர்க்கம்ஸ்டன்ஸுக்கு நீலம் என்று கிளிப் நுனியில் மார்க்கரால் தீட்டினேன். ஐட்டம் வகை வீரர் அட்டையிலேயே கூட்டப்பட்டுவிட்டதால் அதற்கு நிறம் தேவைப்படவில்லை. பயமும் குமட்டலும் இரண்டுமே சிவப்பு. இரண்டும் ஒரே அட்டையில் தொங்கினால் பெரியதை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது சொல்லாமலே தெரிகிறது.

இதனால் என்ன ஆயிற்று என்பதற்கு ஒரு கணக்கு. எதிரியின் ஏசி 20. ஃபைட்டரின் எண் +12. பகடையில் 8 வந்தால் அடி, 18 வந்தால் கிரிட்டிக்கல். இப்போது ரோக் எதிர்ப்பக்கம் போய் நிற்கிறாள், எதிரி ஆஃப்-கார்ட் (தற்காப்பு தளர்ந்த நிலைமை) ஆகிறது: நீலம், ஏசி 2 குறையும். விசார்ட் பையன் மிச்சமிருந்த ஒரு ஆக்‌ஷனில் அதட்டிப் பயமுறுத்துகிறான்: சிவப்பு, இன்னொரு 1 குறையும். நிறம் வேறு, அதனால் இரண்டும் சேரும், ஏசி 17. பார்டின் பாட்டில் ஃபைட்டருக்கு +1, ஆக +13. இனி பகடையில் 4 வந்தாலே அடி, 14 வந்தால் கிரிட்டிக்கல். மூன்று முகங்களில் மட்டும் கிடைத்த கிரிட்டிக்கல் இப்போது ஏழு முகங்களில்.

இந்தக் கணக்கு புத்தகத்தில் முதல் நாளிலிருந்தே இருந்தது. ஆனால் கிளிப்புகள் தொங்குவதைப் பார்த்த பிறகுதான் ஃபைட்டர் முதன்முறையாக “நான் கொஞ்சம் பொறுக்கிறேன், சார் முதல்ல பாடட்டும்” என்றான். தன் முறையைத் தள்ளிப்போட்டான், அவனுடைய அட்டையைப் பிடுங்கி பார்டின் வலதுபக்கம் செருகினேன். முன்பு ‘டிலே’ என்று யாராவது சொன்னால் என் தாளில் அம்புக்குறி போட்டு அடித்துத் திருத்தி அமர்க்களம் ஆகும்.

எதிரே போய் நிற்பதால் வரும் ஆஃப்-கார்டுக்கு மட்டும் இப்போது கிளிப் மாட்டுவதில்லை. அது நிற்கும் இடத்தைப் பொறுத்தது, வரைபடத்தைப் பார்த்தாலே தெரியும். மாட்டிப் பார்த்தோம், ஆள் நகர்ந்ததும் எடுக்க மறந்து தவறான கூடுதலோடு ஒரு சுற்று ஓடியது.

கட்டம் போட்ட வரைபடம்

விதிநூலில் ஒரு கட்டம் 5 அடி, மேசையில் 1 அங்குலம், அதாவது 25.4 மி.மீ. ஏ4 தாளில் அச்சடித்தால் 8 × 11 முழுக் கட்டம் வரும். நான் அச்சடித்தபோது ‘ஃபிட் டு பேஜ்’ தேர்வு இயக்கத்தில் இருந்ததால் எல்லாம் சுருங்கி 24.6 மி.மீ. ஆகிவிட்டது. அச்சு அளவை 100 சதவீதம் என்று வைத்து, வந்த தாளை அளவுகோலால் அளந்து பார்த்த பிறகே மற்றப் பக்கங்களை அச்சடிக்க வேண்டும்.

அளவு சரியாக வந்தாலும் இன்னொரு சிக்கல் இருந்தது. பாத்திரங்களைக் குறிக்கும் என் டோக்கன்கள் 25 மி.மீ. வாஷரில் படம் ஒட்டியவை. ஒரு அங்குலக் கட்டத்தில் நான்கு பேர் நெருங்கி நின்றால் ஒன்றை எடுக்கப் போய் மற்றதைத் தள்ளிவிடுவோம். ‘இது இந்தக் கட்டமா, அந்தக் கட்டமா’ என்று அதிலும் வழக்கு. கடைசியில் அங்குலத்தை விட்டுவிட்டேன். சார்ட் தாளில் 27 மி.மீ. கட்டம், கையாலேயே கோடு போட்டது. 56 × 71 செ.மீ. தாளில் 20 × 26 கட்டம் வருகிறது, அதாவது 100 × 130 அடி. எங்கள் சண்டைகள் இதற்கு வெளியே போனதே இல்லை. பெரிய எதிரி இரண்டுக்கு இரண்டு கட்டம் பிடிக்கும், அதற்கு 50 மி.மீ. வட்ட அட்டை. விரல் நுழைய இடம் இருக்கிறது. இடிபாடு, சேறு போன்ற கடின நிலத்தை முன்பே பென்சிலால் சாய்கோடிட்டு வைத்துவிடுகிறேன், அங்கே ஒவ்வொரு கட்டத்துக்கும் 5 அடி கூடுதல்.

தாளுக்கு மேலே மேசைவிரிப்பாக விற்கும் தடித்த ஒளிபுகும் பிளாஸ்டிக் விரிப்பு. அதில் வெள்ளைப்பலகை மார்க்கரால் சுவர் வரைந்தேன். மிருதுவான பிவிசி மையை உறிஞ்சிக்கொள்கிறது, மறுநாள் என்ன தேய்த்தும் ஒரு குகையின் நிழல் போகவில்லை. ஈரத்துணியில் அழியும் ஓஎச்பி வகைப் பேனாதான் அதற்குச் சரி. அந்தக் குகை இன்னமும் அங்கேயே இருக்கிறது, எந்தக் காட்டில் சண்டை நடந்தாலும் அடியில் லேசாகத் தெரியும்.

மூலைவிட்டமாக நடந்தால் முதல் கட்டம் 5 அடி, அடுத்தது 10, மறுபடி 5. இதை எண்ணும்போது எல்லோருக்கும் நாக்குக் குழறும். பட்டையான ஒரு சணல் கயிற்றில் 27 மி.மீ.க்கு ஒரு கோடு போட்டு, 25 அடி நடை என்றால் ஐந்து கோடு என்று அளந்து பார்த்தோம். நேர்க்கோட்டில் சரியாக இருக்கிறது, மூலைவிட்டத்தில் ஓரிரு இடத்தில் விதியின் கணக்கோடு ஒத்துப்போகவில்லை. கயிற்றை இப்போது தொலைவு தோராயமாகத் தெரிந்துகொள்ள மட்டும் வைத்திருக்கிறோம், நடப்பதற்குக் கட்டம் எண்ணுகிறோம்.

குண்டு மந்திரங்களுக்கு வளையம். 20 அடி ஆரம் என்றால் நான்கு கட்டம், எங்கள் அளவில் 108 மி.மீ. அட்டையில் வட்டம் வெட்டியது டோக்கன்களை மூடிவிட்டது. அதனால் மெல்லிய கம்பி: சுற்றளவு ஏறக்குறைய 68 செ.மீ., முறுக்கிச் சேர்க்க 2 செ.மீ. சேர்த்து 70. டோக்கன்களுக்கு மேலே அப்படியே வைக்கலாம். பாதிக்கு மேல் வளையத்துக்குள் இருக்கும் கட்டம் உள்ளே என்று வீட்டு விதி வைத்தோம். விதிநூல் காட்டும் கட்ட வடிவத்திலிருந்து சில சமயம் ஒரு கட்டம் மாறும், தெரிந்தேதான் அப்படி வைத்திருக்கிறோம்.

என் பக்கத்துத் தாள்

கேம் மாஸ்டருக்கு நான் வைத்துக்கொண்டது ஒரே ஒரு ஏ4. மேல்பாதியில் எதிரிகளின் ஏசி, மூன்று சேவ் (தாக்கத்தைத் தாங்க உருட்டும் எண்கள்), அடி எண்கள் (இதற்கும் மூன்று எண் முறைதான்), கீழ்ப்பாதி எச்பி (உயிர்ப் புள்ளி) அடித்து எழுத. எதிரி விவரங்களை ஆர்க்கைவ்ஸ் ஆஃப் நெதிஸ் தளத்திலிருந்து எடுக்கிறேன். பைசோவின் அனுமதியோடு மொத்த விதியும் அங்கே இலவசமாக இருக்கிறது.

ஓர் எச்சரிக்கை. 2023 நவம்பரில் விதிகளைத் திருத்தி ‘ரீமாஸ்டர்’ நூல்கள் வரத் தொடங்கின. எங்களில் இருவரிடம் பழைய நூல், இருவரிடம் புதியது. இன்னொருவருக்கு உதவும் ‘எய்ட்’ ஆக்‌ஷனுக்குப் பழையதில் வழக்கமான டிசி 20, புதியதில் 15. இந்த ஒன்றுக்காக நடந்த வாக்குவாதத்தின் நீளம் இங்கே எழுத முடியாது. எல்லோரும் ஒரே பதிப்பு என்று முடிவுசெய்துவிட்டு அட்டை எழுத உட்காருங்கள்.

சண்டையின் அளவைத் தீர்மானிக்க நான்கு பேர் குழுவுக்கு ஒரு எக்ஸ்பி (அனுபவப் புள்ளி) வரம்பு உண்டு: மிதமான சண்டைக்கு 80, கடுமையானதற்கு 120. குழுவின் நிலையிலேயே உள்ள எதிரி 40. ஒரு நிலை கூடினால் 60, மூன்று நிலை கூடினால் 120. ஆக மூன்று நிலை மேலான ஒற்றை எதிரியும், சமநிலை எதிரிகள் மூன்றும் தாளில் ஒரே கணக்கு. மேசையில் ஒன்றே அல்ல. ஒற்றைப் பெரியதின் ஏசியை எட்டுவதே சிரமம், அது அடித்தால் அடிக்கடி கிரிட்டிக்கல், முன்னே நின்றவர்கள் விழுந்துகொண்டே இருப்பார்கள். வரிசைப் பட்டையைச் சோதிக்க அப்படி ஒன்றை வைத்தபோது பட்டையில் ஐந்தே அட்டை, சோதனைக்கே உதவவில்லை.

சோதனைச் சண்டை

அதனால் ஒரு 4ஆம் நிலை எதிரி, இரண்டு 2ஆம் நிலை எதிரிகள் என்று வைத்தேன். 60, 30, 30, மொத்தம் 120. பட்டையில் ஏழு அட்டை, முழுசாக நிரம்பியது.

இரண்டாவது சுற்றில் பெரியது பார்டைக் கிரிட்டிக்கலாக அடித்து வீழ்த்தியது. கிரிட்டிக்கலில் விழுந்தால் நேராக டையிங் 2 (சாவை நெருங்கும் நிலைமை). விழுந்தவரின் வரிசையும் மாறும்: எந்த முறையில் விழுந்தாரோ அதற்கு நேர் முன்னால் போகும். முன்பு இந்த விதியை நாங்கள் கண்டுகொண்டதே இல்லை, யாருக்கும் பொறுமை இல்லை. இப்போது சாரின் அட்டையை உருவி பெரியதின் இடதுபக்கம் செருகினேன், இடது விளிம்பில் இரண்டு ‘டையிங்’ கிளிப் மாட்டினேன். அவ்வளவுதான், பத்து நொடி. அவருக்கு முறை திரும்பி வருவதற்குள் மற்ற எல்லோருக்கும் ஒரு முறை கிடைக்கிறது, காப்பாற்ற நேரம் இருக்கிறது என்று பட்டையைப் பார்த்தே புரிந்துகொண்டார்கள். தங்கை எண்ணினாள்: “நாலு ஆனாத்தான் சாவு. இன்னும் ரெண்டு இருக்கு. நான் முதல்ல இந்தச் சின்னதை முடிச்சிட்டு வர்றேன்.” சார் தரையில் கிடந்தபடியே (நாற்காலியில்தான்) ஆட்சேபித்தார்.

அவருடைய முறை வந்தபோது யாரும் போய்ச் சேரவில்லை. 10உடன் டையிங் அளவைக் கூட்டினால் 12, அதை எந்தக் கூடுதலும் இல்லாமல் எட்ட வேண்டும். 14 விழுந்தது. ஒரு கிளிப்பைப் பிடுங்கினோம். அதற்கு அடுத்து ரோக் ஒரு மருந்துக் குப்பியோடு போய்ச் சேர்ந்தாள்.

விதியில் சந்தேகம் வந்த இடங்களில் நான் உடனே ஒரு முடிவு சொல்லி, கேள்வியைத் தாளின் ஓரத்தில் எழுதி, சண்டை முடிந்து பார்த்துக்கொள்வோம் என்று தள்ளினேன். இரண்டு கேள்விகள் சேர்ந்தன. ஒன்றில் என் முடிவு தவறு, ஃபைட்டருக்கு ஒரு ரியாக்டிவ் ஸ்ட்ரைக் (எதிரி அசையும்போது குறுக்கே அடிக்கும் வாய்ப்பு) கிடைத்திருக்க வேண்டும். அதற்கு ஈடாக அடுத்த அமர்வில் அவனுக்கு ஒரு ஹீரோ பாயின்ட் (பகடையை மறுபடி உருட்ட உதவும் புள்ளி) கூடுதலாகக் கொடுத்தேன்.

ஒரு சுற்று எட்டு, ஒன்பது நிமிடம். யோசிக்கும் நேரம் குறையவில்லை, ஸ்டாப்வாட்சில் பார்த்தால் முன்பைவிடக் கொஞ்சம் கூடவே இருந்தது. கூட்டுவதும் விசாரிப்பதும்தான் ஏறக்குறைய காணாமல் போயிருந்தன.

ரகசியமாக உருட்ட வேண்டியவை மட்டும் இன்னும் பாக்கி. எதிரியைப் பற்றி என்ன தெரியும் என்று பார்க்கும் ‘ரீகால் நாலெஜ்’ போன்றவற்றை வீரர் பார்க்காமல் நான் உருட்ட வேண்டும். திரை போன பிறகு ஒரு குவளையைக் கவிழ்த்து அதற்குள் பகடையைக் குலுக்குகிறேன். சத்தம் அதிகம், வேறு வழி தேட வேண்டும்.

செலவும் அடுத்த முறையும்

பொருட்செலவு என்று பார்த்தால் எழுதுபொருள் அளவில்தான்: அளவுகோல் இரண்டு, குறிப்பட்டை, சார்ட் தாள், கிளிப், கம்பி, பேனா. பிளாஸ்டிக் விரிப்பு ஒன்றுதான் கொஞ்சம் கூடுதல். வீணானது நிலைமை அட்டைகளின் அச்சுச் செலவு, அப்புறம் லேமினேஷன். எல்லாக் கணக்கையும் தானே போட்டுவிடும் ஃபவுண்ட்ரி போன்ற மென்பொருட்கள் இருக்கின்றன. தொலைவிலிருந்து ஆடுபவர்களுக்கு அதுவே மேல். எங்களுக்கு ஒரே மேசையில் உட்கார்ந்து திரையைப் பார்ப்பதில் விருப்பமில்லை.

லேமினேஷன் விஷயம் இதுதான். இந்த ஆட்டத்தில் ஒரு நிலை ஏறினால், தேர்ச்சி உள்ள எல்லா எண்ணிலும் ஒன்று கூடும்: அடி, ஏசி, சேவ், திறன், டிசி, எல்லாமே. சோதனைச் சண்டை முடிந்ததும் எல்லோரும் 4ஆம் நிலைக்குப் போனார்கள், பளபளவென்று இருந்த நான்கு அட்டைகளும் மொத்தமாகச் செல்லாமல் போயின. இப்போது வெறும் அட்டை, பென்சில், ஒரு ரப்பர். வாள் 13 / 8 / 3. 5ஆம் நிலையில் ஃபைட்டருக்குத் தேர்ச்சியும் மாஸ்டராகும், அன்று இன்னொரு முறை அழித்து எழுத வேண்டும். விசார்டுக்கு 3ஆம் படி மந்திரங்களும், அதில் வளையம் கேட்கும் குண்டு மந்திரமும், அப்போதுதான் வரும். கம்பி வளையத்தைப் பையன் இப்போதே வீட்டுக்கு எடுத்துப்போய் சிவப்பு நூல் சுற்றி வைத்திருக்கிறான்.